சட்டைப் பையில் ஒரு ஜீவனிப் பொட்டலம்

(மேற்பிரிவுப் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார், இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



காலையிலே பெரட்டுக்கு நின்று, மலை ஏறி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் நீட்ட மாட்டேன். நீட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் எல்லாரும் நீட்டுகிறார்கள் என்று பின்னாலே ஒரு அக்கா சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

போன மாதக் கூட்டத்திலே உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சியிடம், "படிச்சு என்னவா வரப் போறே?" என்று கேட்டேன். டீச்சர் என்று சொல்லும், நர்ஸ் என்று சொல்லும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "வெளிநாட்டுத் தூதுவரா வரணும் சேர்" என்றது. காம்பரா முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் நானும் ஒருவன், அதை ஒளிக்க மாட்டேன். பிள்ளை முகம் வாடிப் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குப் போன பிறகும் அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. தூதுவர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு, விருந்துக்குப் போய், கை குலுக்குகிறவர் என்றுதானே நாம் நினைத்து வைத்திருக்கிறோம்? அந்த உத்தியோகத்தால் ஒரு லயத்துப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்லுவோம்? அதற்குத்தான் இன்றைக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பெயர் ஜேம்ஸ் கிராண்ட். ஜிம் கிராண்ட் என்பார்கள்.

அமெரிக்கர்தான். ஆனால் பிறந்தது சீனாவில், பீக்கிங் நகரத்தில், 1922ஆம் ஆண்டு. தகப்பன் ஒரு டாக்டர். ஊசி போட்டு மாத்திரை கொடுக்கிற டாக்டர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, பிள்ளைப்பேறு எங்கே நடக்கிறது, கக்கூசு இருக்கிறதா என்று பார்க்கிற பொதுச் சுகாதார டாக்டர். ரொக்பெல்லர் மன்றம் என்ற அமெரிக்கத் தரும நிறுவனத்தின் சார்பில் பீக்கிங்கில் வேலை செய்தவர்.

அந்த ரொக்பெல்லர் பெயர் நம்முடைய தோட்டங்களுக்கும் புதிது இல்லை. 1916ஆம் ஆண்டளவில் அவர்கள் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். நம்முடைய பாட்டன் பூட்டன் காலம். வெறுங்காலோடு மலையில் நடந்தவர்களுக்குப் பாதத்தின் வழியாகப் புழு ஏறி, இரத்தம் சுண்டி, முகம் வெளுத்து, மம்பட்டி தூக்கப் பலம் இல்லாமல் கிடந்த காலம். மருந்து கொடுத்தபோது புழு போனது. ஆனால் கக்கூசு கட்டச் செலவாகும் என்று பல தோட்டங்களில் இழுத்தடித்தார்கள். புழு திரும்ப வந்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்க. பிறகு திரும்ப இதற்கு வருவேன்.

ஜிம் கிராண்ட் இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தார். யுத்தம் முடிந்ததும் சீனாவில் ஐக்கிய நாடுகளின் நிவாரண வேலை. பிறகு சட்டம் படித்தார். அதன் பிறகு அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவிப் பிரிவுக்குப் போனார். 1956இல், முப்பத்து நான்கு வயதில், அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? இலங்கைக்கு. 1958 வரை கொழும்பில் அமெரிக்க உதவித் திட்டத்தின் பணிப்பாளராக இருந்தார்.

அந்தக் காலத்தை வயதானவர்கள் நினைத்துப் பாருங்க. 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. உதவி எதுவும் தராமல் இருந்து, 1956இல்தான் தரத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வந்து உட்கார்ந்தவர் இவர். நம்முடைய ஆட்கள் 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, வாக்கும் இழந்து, நாடற்றவர்கள் என்ற பெயரோடு இதே மலைகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். அவர் நம்முடைய லயத்தைப் பார்த்தாரா, இல்லையா என்று நான் கதை கட்ட மாட்டேன். அவர் இருந்த நாட்களில் நாமும் இங்கேதான் இருந்தோம். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

அதற்குப் பிறகு வாஷிங்டனில் வெளிநாட்டமைச்சில் பெரிய பதவி, துருக்கியில் பதவி. அதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறேன். 1969இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, தரும நிறுவனங்களின் பண உதவியோடு வெளிநாட்டு அபிவிருத்திச் சபை என்று ஒன்றைத் தொடங்கி நடத்தினார். ஏழை நாடுகளின் நிலைமையை ஆராய்ந்து, அமெரிக்க அரசாங்கத்துக்கும் சனங்களுக்கும் எடுத்துச் சொல்லுகிற இடம் அது.

அங்கே 1970களில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு நாட்டின் நலத்தை அதன் பண வருமானத்தை வைத்து மட்டும் பார்க்காமல், எத்தனை பிள்ளைகள் ஒரு வயதுக்குள் சாகிறார்கள், ஆட்கள் எத்தனை வயது வரை வாழ்கிறார்கள், எத்தனை பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்ற மூன்றையும் வைத்துப் புள்ளி கொடுத்தார்கள். இலங்கை, பெரிய வருமானமுள்ள பல நாடுகளைத் தாண்டி மேலே நின்றது. இந்தியாவின் கேரளமும் அப்படியே. இலவசப் படிப்பும், இலவச ஆஸ்பத்திரியும், பங்கீட்டு அரிசியும் செய்த வேலை என்று உலகம் முழுக்கப் பேசினார்கள்.

சந்தோசம்தான். ஆனால் ஒன்று சொல்லுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். அந்த 1970களில் தோட்டத்துப் பிள்ளைகளின் சாவு, நாட்டின் மொத்தக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 1973, 74 பஞ்சத்தில் மலையகத்தில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. நாட்டுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளிக்குக் கீழே நம்முடைய பிள்ளைகள் ஒளிந்து கிடந்தார்கள். ஆகவே கிளினிக்கில் மிஸ் பிள்ளையை நிறுத்து அட்டையில் புள்ளி வைக்கும்போது, "எல்லாப் பிள்ளையும் சராசரியா நல்லா இருக்கு" என்று சொன்னால் விட்டுவிடாதீங்க. உங்கள் பிள்ளையின் கோடு எங்கே போகிறது என்று கேளுங்க.

சரி, கதைக்கு வருவோம். 1980 ஜனவரியில் கிராண்ட் யுனிசெப்பின் தலைவரானார். ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் நிதியம் அது. நாடுகளும் சனங்களும் விரும்பிக் கொடுக்கிற பணத்திலேயே நடக்கிற நிறுவனம். வாழ்த்து அட்டை விற்றும் பணம் சேர்ப்பார்கள். அவர் போன காலத்தில் உலகத்தில் நாளொன்றுக்கு நாற்பதாயிரம் சிறு பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும். எதனால்? வயிற்றோட்டம், சின்னமுத்து, கக்குவான், ஏற்புவலி, நெஞ்சுச் சளி. பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ, தடுப்பூசியோ ஏற்கெனவே இருந்தது. மருந்து ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை.

1982 கடைசியில் அவர் நான்கு காரியங்களைச் சொன்னார். பிள்ளையை மாதாமாதம் நிறுப்பது, வயிற்றோட்டத்துக்கு உப்புச் சீனிக் கரைசல் கொடுப்பது, தாய்ப்பால், தடுப்பூசி. இதைக் கேட்டு அவருடைய சொந்தக் கந்தோர் ஆட்களே முணுமுணுத்தார்களாம். உலக சுகாதாரத் தாபனத்தின் அப்போதைய தலைவர் மாலர் என்பவரும் இதை ஏற்கவில்லை. ஏனென்றால் 1978இல் அல்மா அட்டா என்ற இடத்தில் பல நாடுகளும் கூடி, எல்லாருக்கும் முழுச் சுகாதார வசதி, தண்ணீர், சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து வேண்டும் என்று தீர்மானித்திருந்தன. இவர் என்னடா என்றால் ஒரு பொட்டலத்தையும் ஒரு ஊசியையும் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி தப்பு இல்லை. கொக்கிப் புழுக் கதையை நினைத்துப் பாருங்க. மருந்து வந்தது, கக்கூசு வரவில்லை, புழு திரும்ப வந்தது. குழாயில் நல்ல தண்ணீர் இல்லாத லயத்துக்கு எத்தனை பொட்டலம் கொடுத்தாலும் அடுத்த மாதமும் வயிற்றோட்டம் வரும். இதில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. தண்ணீர்க் குழாய் வரப் பத்து வருசம் ஆகும். அது வரைக்கும் பிள்ளை காத்திருக்குமா? காத்திருக்காது. கிராண்டுடைய பதில் அதுதான். இருந்தாலும் பொட்டலம் கொடுத்துவிட்டோம் என்று குழாயை மறந்துபோகிற நிர்வாகங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கரைசலின் கதையும் நம் பக்கத்துக் கதைதான். 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் கொலரா ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள். குடலுக்கு உப்பை மட்டும் கொடுத்தால் இழுக்காது. உப்போடு சரியான அளவு இனிப்பும் சேர்ந்தால் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். வயிற்றாலே போய்க்கொண்டிருக்கும்போதும் இழுக்கும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இந்திய எல்லையில் போங்கான் என்ற இடத்தில் குவிந்து கிடந்தபோது கொலரா வந்தது. சேலைன் போத்தல் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குவளையால் ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேருக்குக் குறைவாகச் சாவு இறங்கியது.

கிராண்ட் எங்கே போனாலும் சட்டைப் பையில் அந்தப் பொட்டலம் இருக்கும். சனாதிபதியைச் சந்தித்தாலும், மன்னரைச் சந்தித்தாலும், விருந்து மேசையிலும் அதை எடுத்துக் காட்டுவார். "உங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது?" என்று தலைவரிடமே கேட்பார். தெரியாது என்றால் தலைவருக்கு வெட்கம். அடுத்த முறை தெரிந்து வைத்திருப்பார். இராஜதந்திரம் என்றால் இப்படியும் இருக்கிறது, தங்கச்சி. கோட்டு அவரும் போட்டார். கோட்டுப் பையில் என்ன இருந்தது என்பதுதான் விசயம்.

துருக்கியில் 1985இல் நாடு முழுக்கத் தடுப்பூசி இயக்கம் நடந்தது. பள்ளிவாசலில் இமாம்கள் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்மார் சொன்னார்கள். டாக்டர்கள் மட்டும் சொல்லியிருந்தால் அவ்வளவு சனம் வந்திருக்காது.

எல் சல்வடோர் என்று மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. அங்கே அரசாங்கத்துக்கும் கெரில்லாக்களுக்கும் கடும் யுத்தம். கிராண்ட் சனாதிபதி டுவார்த்தேயிடம் போய், யுத்தத்தில் சாகிற பிள்ளைகளை விட இந்த நோய்களால் சாகிற பிள்ளைகள் அதிகம், ஊசி போடுவதற்காக யுத்தத்தை நிறுத்தலாமா என்று கேட்டார். கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கெரில்லாக்களோடு நேரே பேச முடியாது. பேசினால் அரசாங்கத்துக்குக் கோபம். அதனால் கத்தோலிக்கத் திருச்சபை நடுவில் நின்று பேசியது. 1985இல் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் துப்பாக்கி ஓய்ந்தது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இரண்டு பக்கத்துக்காரரின் பிள்ளைகளும்தான். அமைதி நாட்கள் என்று அதற்குப் பெயர். 1992இல் யுத்தம் முடியும் வரை ஆண்டுதோறும் அதைச் செய்தார்கள். 1989இல் சூடானிலும் அரசாங்கத்தையும் கிளர்ச்சிக்காரரையும் பேசி இணங்க வைத்து, பட்டினி கிடந்த தெற்குக்குச் சாப்பாடு போக வழி திறந்தார்.

நம்முடைய நாட்டிலும் 1990களின் பிற்பகுதியில் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக யுத்தப் பிரதேசத்தில் இப்படி அமைதி நாட்கள் வைத்தார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியத்தையே போலியோ இல்லாத பிராந்தியம் என்று உலக சுகாதாரத் தாபனம் அறிவித்தது. இன்றைக்கு இந்தக் காம்பராவில் கால் சூம்பிய சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. என் வயதுக்காரருக்குத் தெரியும், நாங்கள் படித்த காலத்தில் அப்படிப்பட்ட கூட்டாளிமார் இருந்தார்கள்.

1980இல் உலகத்தில் நூற்றுக்கு இருபது பிள்ளைகளுக்குத்தான் தடுப்பூசி கிடைத்தது. பத்து வருசத்தில் எண்பதைத் தொட்டுவிட்டோம் என்று 1991இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்குக் கொஞ்சம் கூடிப் போச்சு என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். கூடியிருந்தாலும் இருபதுக்கும் எழுபதுக்கும் சொச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லையே. 1990 செப்டெம்பரில் நியூயோர்க்கில் எழுபத்தொரு நாட்டுத் தலைவர்கள் சிறுவர்களுக்காகக் கூடினார்கள். அதைக் கூட்டுவதற்கும் இவர்தான் ஓடித் திரிந்தார்.

கடைசிக் காலத்தில் புற்றுநோய். அதை வைத்துக்கொண்டே நாடு நாடாகப் போனார். 1995 ஜனவரி மாதம்தான் பதவியை விட்டார். அதே மாதம் 28ஆம் திகதி காலமானார். சாகிற தறுவாயில் அமெரிக்கச் சனாதிபதிக்குக் கடிதம் எழுதினார், சிறுவர் உரிமைச் சமவாயத்தில் கையொப்பம் வையுங்கள் என்று. அடுத்த மாதம் அமெரிக்கா கையொப்பம் வைத்தது. ஆனால் இன்று வரை அதைச் சட்டப்படி உறுதி செய்யவில்லை. இலங்கை 1991இலேயே உறுதி செய்துவிட்டது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு நித்திரை வராது.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருசம். வேறு ஒரு தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றோட்டம். தாய் தூக்கிக்கொண்டு மருந்து வீட்டுக்கு வந்தார். பூட்டு. உள்ளே அலுமாரியில் ஜீவனிப் பொட்டலம் ஐம்பதுக்கு மேலே இருந்தது. முதல் நாள்தான் நான் எண்ணிக் கையொப்பம் வைத்தேன். சாவி வைத்திருந்தவர் டவுனுக்குப் போய்விட்டார். என்னிடம் ஓடி வந்தார்கள். நான் என்ன செய்தேன்? சாவியைத் தேடினேன். இரண்டு மணி நேரம் சாவியைத் தேடினேன். பூட்டை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உடைத்தால் விசாரணை வருமே என்று பயம். உப்பும் சீனியும் எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்ற யோசனையும் வரவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் காட்டினால் இன்னும் போகும் என்று யாரோ சொல்ல, தாயும் கொடுக்காமல் வைத்திருந்தார். நானும் கொடுக்கச் சொல்லவில்லை.

கடைசியில் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வரவில்லை. நான்கு நாள் சேலைன் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. இப்போது அது கொழும்பில் வேலை செய்கிறது, தீபாவளிக்கு வந்தால் என்னையும் வந்து பார்க்கும். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பூட்டுத்தான் ஞாபகம் வரும்.

ஆகவே இன்றைக்கு உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, பழைய லயம், மூன்று இடத்திலும் பூட்டாத ஒரு தகர டின்னில் பத்துப் பொட்டலம் இருக்க வேண்டும். யார் வீட்டில் வைப்பது என்று தாய்மாரே தெரிவு செய்யுங்க. எடுத்தவர் பெயரை ஒரு கொப்பியில் எழுதினால் போதும், தீர்ந்ததை நான் நிரப்பித் தருகிறேன். நிர்வாகத்திடம் பேசிவிட்டேன், துரையும் சரி என்றார். பழைய லயத்துக் குழாய் விசயத்தையும் அதே கடிதத்தில் எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. பதில் வரும் வரை மாதாமாதம் எழுதுவேன்.

பொட்டலம் இல்லாவிட்டால்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டர். சீனி, தேக்கரண்டியில் தட்டையாக ஆறு. உப்பு, தட்டையாக அரைத் தேக்கரண்டி. குவித்துப் போடக் கூடாது, உப்புக் கூடினால் ஆபத்து. வாயில் வைத்துப் பாருங்க, கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டியால் கொடுங்க. வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்துத் திரும்பக் கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கரைத்தது இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஊற்றிவிடுங்க. இரத்தம் போனாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, குடிக்க மாட்டேன் என்றாலோ, கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாங்க. லொறிக்கு என் போனுக்கு அடிங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

தூதுவராக வர வேண்டும் என்ற தங்கச்சி இன்றைக்கும் வந்திருக்கிறது, மூன்றாவது வரிசையில். போன மாதம் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளம்மா. ஆங்கிலத்தை விடாதே. அந்தச் சேவைக்கு எடுக்கிற பரீட்சையைப் பற்றிய விவரம் விசாரித்து வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போ. இப்போது முன்னுக்கு வந்து இந்தக் கரைசலைக் கலக்கிக் காட்டு. ஆயாம்மா, அந்த லீட்டர்ப் போத்தலையும் ஒரு தேக்கரண்டியையும் கொடுங்க.